யசிந்தா காய்ச்சும் குளுகுளு

நோர்வேக்காரர் கிறிஸ்மஸ் என்கிற நத்தார்க் காலத்தில் வாசனைச் சரக்குகள் போட்டுச் சூடாகக் குடிக்கும் ஒரு பானம் இருக்கிறது. அவர்கள் அதை 'க்ளொக்' என்பார்கள். எங்கள் தேவாலயத்துக் கரோல் குழுவின் வாயில் அது 'குளுகுளு' ஆகிவிட்டது. ஆவி பறக்கக் குடிக்கும் ஒன்றுக்கு அப்படியொரு பெயர். முதலில் திருத்திப் பார்த்த என் தங்கை யசிந்தாவும் இப்போது, "குளுகுளு வேணுமோ?" என்றுதான் கேட்கிறாள்.

யசிந்தா எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, மாக்கஸைத் திருமணம் செய்து, நோர்வேயின் பேர்கன் நகருக்குப் போனவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தபோது இந்தப் பானத்தைக் காய்ச்சப் பழகினாள். பிறகு எங்களோடு இருக்க வேண்டும் என்று இருவரும் கனடாவுக்கு, ரொறன்ரோப் பக்கம் வந்துவிட்டார்கள். வீடு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில். நான் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில் இருக்கிறேன். யசிந்தாவுக்கு மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலை. அவள் வைக்கும் சூப்பை வீட்டில் செய்து தரச் சொல்லிப் பிள்ளைகள் அழுகிறார்கள் என்று தாய்மார் வந்து செய்முறை கேட்டுப் போவார்கள். அவள் இதைப் பெருமையாகச் சொல்ல மாட்டாள். நான் சொல்லுவேன்.

கரோல் குழு ஒவ்வொரு மார்கழியிலும் ஸ்காபரோவில் தொடங்கி, வடக்கு நோக்கி வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும். எங்கள் வீடுதான் கடைசி. வந்து சேரும்போது பாடுபவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும், கித்தார் வாசிப்பவருக்கு விரல் விறைத்திருக்கும். மற்ற வீடுகளில் கேக்கும் சோடாவும் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் குளுகுளு.

அவள் அதைக் காய்ச்சும் முறையைச் சொல்கிறேன். கறுவாப்பட்டை, கராம்பு, தட்டி வாய் திறந்த ஏலக்காய், சுக்கு என்கிற வேர்க்கொம்பின் தூள், ஆரஞ்சு என்கிற தோடம்பழத்தின் தோல், மண்ணிறச் சீனி எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் காய்ச்சுவாள். தோடம்பழத் தோலில் உள்வெள்ளை ஒட்டியிருக்கக் கூடாது, கசக்கும். காய்ச்சியதை மூடி, ஊற விட்டு, அடுத்த நாள் வடிப்பாள். அதில் கறுத்த முந்திரிகை, அதாவது திராட்சைச் சாற்றையும் பிளாக்கரன்ற் பழச் சாற்றையும் விட்டுச் சூடாக்குவாள். கொதிக்க விடமாட்டாள். பானையின் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்தவுடன் அடுப்பை நிறுத்திவிடுவாள். கோப்பையின் அடியில் உலர்ந்த முந்திரிகையும் தோலுரித்த பாதாமும் போட்டு, அவற்றை எடுத்துச் சாப்பிட ஒரு சின்னக் கரண்டியும் வைப்பாள். இதில் வைன் சேர்ப்பவர்களும் உண்டு. கரோலுக்குச் சிறுபிள்ளைகளும் வருவதால் இவள் சேர்ப்பதில்லை.

போன பங்குனியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அதோடு மூக்கு மணம் அறியும் சக்தியும் போனது, அது திரும்பி வரவில்லை. சிலருக்கு வரும், சிலருக்கு நாளெடுக்கும், சிலருக்கு வராமலும் விடலாம் என்றார் டொக்டர்.

ஒரு நாள் காப்பகத்தில் அடுப்பில் வைத்த பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பக்கத்தில் நின்றவளுக்கே தெரியவில்லை. யாரும் அவளை ஏசவில்லை. அவளே மனேஜரிடம் போய், தன்னைப் பாத்திரம் கழுவும் பக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"ஏன் பிள்ளை நீயாப் போய்க் கேட்டனீ?" என்றேன்.

"பிள்ளையளின்ரை சாப்பாடு அண்ணை. அதிலை விளையாட ஏலாது."

வீட்டிலும் அடுப்பை மாக்கஸிடமும் என்னிடமும் விட்டுவிட்டாள். நாங்கள் வைத்ததைப் பேசாமல் சாப்பிட்டாள். உப்பு, புளி, இனிப்பு மட்டும்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் கடதாசியைச் சப்புவதுபோல இருக்கிறது என்றாள். கறியை நாக்கில் விட்டுப் பார்க்கச் சொல்லி மாக்கஸ் அகப்பையை நீட்டினால், "எனக்கென்னத்துக்கு?" என்று தலையைத் திருப்பிக்கொள்வாள்.

கார்த்திகையில் கரோல் குழுவை நடத்தும் மரியோ தொலைபேசியில் கூப்பிட்டார். மன்னாரைச் சேர்ந்தவர், ட்ரக் ஓட்டுபவர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"அக்கா, இந்தமுறையும் குளுகுளு இருக்குத்தானே? அதுக்காகத்தான் உங்கட வீட்டைக் கடைசியா வைச்சிருக்கிறம்."

யசிந்தா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஓம், வாங்கோ" என்றாள். போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இது சரிவந்தால் தை மாதம் திரும்ப அடுப்புக்கு விடச் சொல்லிக் கேப்பன். சரிவராட்டில் இனிமேல் கேக்கமாட்டன். கோப்பை கழுவிக்கொண்டு இருந்திடுவன்."

"மரியோவுக்கு விசயத்தைச் சொல்லுவமே?" என்றார் மாக்கஸ்.

"மூச்சும் விடக்கூடாது. தெரிஞ்சால் வெறும் சுடுதண்ணி குடுத்தாலும் நல்லாயிருக்கு எண்டுவினம்."

கரோலுக்கு முந்திய வாரம் ஒரு சின்னப் பானையில் காய்ச்சிப் பார்த்தாள். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. கை அளவை நம்பிச் செய்தாள். நான் படியேறி வரும்போது மாக்கஸ் ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு, "அருமை யசி, அப்பிடியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்த மணத்துக்கு எனக்கென்னவோ இன்றைக்கு ரசம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. அவள் தந்த கோப்பையில் ஒரு வாய் குடித்தேன். புரைக்கேறிவிட்டது.

"என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ முகம் இப்பிடிப் போகுது?"

எனக்குப் பொய் வராது. "பிள்ளை, இது குளுகுளு இல்லை. ரசம்."

அவள் மாக்கஸைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் அருமை எண்டனீங்கள்?"

"அருமைதான்," என்றார் அவர் மெதுவாக. "சோத்துக்கு விட்டால் இன்னும் நல்லாயிருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்களும் இப்பிடிப் பொய் சொன்னால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

மாக்கஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.  அப்போதுதான் அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சத்தைத் தன் வாயில் விட்டாள். பங்குனிக்குப் பிறகு அவள் எதையும் அப்படி வாயில் வைத்திருந்து பார்த்து நான் கண்டதில்லை. விழுங்கவில்லை. கன்னத்துக்குக் கன்னம் மாற்றினாள். பிறகு விழுங்கிவிட்டு, தொண்டையில் கையை வைத்தாள்.

"இதிலை வேர்க்கொம்பு இல்லை," என்றாள்.

"மணக்குதே?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனால் வேர்க்கொம்பு எண்டால் தொண்டையிலை ஏறிப் பிறகு நெஞ்சுக்குள்ளை சூடாய் இறங்கும். இது நாக்கு நுனியிலை நிண்டு குத்துது. இது மிளகு."

அலுமாரிக்குப் போனாள். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்கு வந்தாலும் வெறும் கோப்பிப் போத்தலை எறிய மாட்டார்கள். யசிந்தாவின் தூள்கள் எல்லாம் ஒரேமாதிரியான கோப்பிப் போத்தல்களில்தான் இருக்கும். பெயரை மூடியில் எழுதி ஒட்டியிருப்பாள். 'வேர்க்கொம்பு' என்று எழுதிய மூடியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதுதான் மிளகு. ரசத்தூள்."

அடுத்த போத்தலைத் திறந்தாள். மூடியில் 'ரசத்தூள்'. தொட்டு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுதான் வேர்க்கொம்பு."

மாக்கஸ் தொண்டையைச் செருமினார். "போன கிழமை மூடியளைக் கழுவிக் காயவைச்சது நான்தான்."

நான் இரண்டு போத்தலையும் மணந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.  மணம் என்பதே இல்லாத ஒருத்தி, எங்கே குத்துகிறது, எங்கே சுடுகிறது என்பதை வைத்து இது இன்னது என்று சொல்லுகிறாள்.

அன்றைக்கே ஒவ்வொரு சரக்காக வாயில் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். கராம்பு நாக்கை மரக்கப் பண்ணியது. ஏலத்தைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தால் வாய் குளிர்ந்தது.

"அப்ப பேர் சரிதான்," என்றார் மாக்கஸ். "குளுகுளு."

இந்த முறை அவளும் சிரித்தாள்.

தோடம்பழத் தோலின் வெள்ளை நாக்கின் அடியில் போய்க் கசந்தது. கறுவா மட்டும் பிடிபடவில்லை. கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் உலர்வதுபோல இருக்கிறது, அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்றாள். "கறுவாவைக் கண்ணாலைதான் பாக்கவேணும்" என்று சொல்லி, பட்டையைத் தண்ணீரில் காய்ச்சி, நிறம் எங்கே போய் நிற்கிறது, பட்டை எப்போது விரலுக்கு இளகுகிறது என்று பார்த்துக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இருக்க, மாக்கஸும் நானும் ஒவ்வொன்றையும் தனித்தனியே இளஞ்சூட்டு நீரில் கரைத்து, கரண்டியில் கொடுத்தோம். கராம்பு என்றாள். வேர்க்கொம்பு என்றாள். ஏலமும் கராம்பும் சேர்த்துக் கொடுத்தேன். "ரெண்டு சாமான் போட்டிருக்கிறியள். கராம்பு கூட, ஏலம் குறைய" என்றாள். எந்த அளவில் கரைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவள் சொன்ன அதே அளவு. மாக்கஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அடுத்த கரண்டியில் ஒன்றும் போடாமல் கொடுத்தார்.

"இது பைப் தண்ணி. என்னோடை சேட்டையோ?"

சனிக்கிழமை பெரிய பானையை வைத்தாள். தோடம்பழத்தைச் சீவிய பிறகு ஒவ்வொரு தோல் துண்டின் உட்பக்கத்தையும் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். கசந்ததைத் திரும்பச் சீவினாள். சரக்குகள் கொதித்து வரும்போது இடையிடையே ஒரு கரண்டி எடுத்து ஆறவிட்டு, வாயில் வைத்திருந்து, எதையோ காது கொடுத்துக் கேட்பவள்போல அசையாமல் நின்றாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். உள்ளே போகத் துணியவில்லை. மணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. நல்லதென்றும் சொல்லக்கூடாது, கெட்டதென்றும் சொல்லக்கூடாது.

ஞாயிறு பின்னேரம் வடித்து, சாறு சேர்த்துச் சூடாக்கினாள். கடைசியாக ஒரு வாய் குடித்தாள்.

"வேர்க்கொம்பு ஒரு பொட்டுக் கூடிப்போச்சு, அண்ணை. மற்றதெல்லாம் சரியா நிக்குது."

"இன்னும் கொஞ்சம் சாறு விடன்?"

"விட்டால் புளிப்புக் கூடும். இருக்கட்டும்."

கரோல் குழு வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பூட்ஸ் மலைபோலக் குவிந்தது. பாடினார்கள், செபம் சொன்னார்கள். மாக்கஸ் தட்டில் கோப்பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். யசிந்தா சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நல்லாயிருக்கக்கா", "அருமையக்கா" என்று குரல்கள் வந்தன. அவள் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் வாய்க்குள் போகாத கேக்குக்கும் அதைத்தான் சொல்லுவார்கள்.

மரியோ ஒரு வாய் குடித்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"அக்கா, இது போன வருசத்தின்ரை மாதிரி இல்லையே."

மாக்கஸ் அப்படியே நின்றுவிட்டார். 

"என்ன வித்தியாசம்?" யசிந்தாவின் குரல் சின்னதாக வந்தது.

"குடிக்கக் குடுத்த வீட்டிலை நிண்டு குறை சொல்லுறியளே?" என்று மரியோவின் மனைவி அவருடைய கையில் தட்டினாள்.

"கொஞ்சம் பொறும், அக்கா கேக்கிறா." அவர் கோப்பையைப் பார்த்து யோசித்தார். "வேர்க்கொம்பு கூடப் போட்டனீங்களோ? தொண்டையிலை ஏறுது."

"வேறை?"

"வேறையோ?" இன்னும் ஒரு வாய் குடித்தார். "வேறை ஒண்டுமில்லை. எல்லாம் அதேதான். எனக்கு உந்த வேர்க்கொம்பு பிடிச்சிருக்கு. பத்து வீட்டிலை கத்தின தொண்டை இப்பதான் திறந்திருக்கு. இன்னொரு கோப்பை விடுங்கோ."

யசிந்தா சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறாள் என்று விளங்காமல் மரியோவும் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் என் கையைப் பிடித்தாள். 

"அண்ணை, கேட்டியளே? ஒரு பொட்டு. அதைத்தான் அந்த மனிசனும் பிடிச்சது."

 தலையை ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு, "தை வரைக்கும் ஏன் இருக்கவேணும்? நாளைக்கே கேக்கிறன்" என்றாள். திங்கட்கிழமை மனேஜரிடம் போய் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மணம் இன்னும் வரவில்லை. பாலையும் இறைச்சியையும் வேறு ஒருவர் மணந்து பார்த்துத் தர வேண்டும். அடுப்பில் வைத்தால் நேரம் அடிக்கும் மணிக்கூடு வேண்டும். மற்றதைத் தன்னால் செய்ய முடியும். மனேஜர் ஒரு நாள் சூப் வைத்துக் காட்டச் சொன்னார். வைத்துக் காட்டினாள். இப்போது அங்கே வேலை செய்யும் நதீஷா என்ற பிள்ளை காலையில் பாலை மணந்து பார்த்து "ஓகே அன்ரி" என்று சொல்லுவாளாம். அதன் பிறகு அடுப்பு யசிந்தாவுடையது.

அடுப்புக்குத் திரும்பிய முதல் நாள் அவள் வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றி, கைச்சட்டையை மேலே தள்ளினாள். மணிக்கட்டுக்கு மேலே ஓவனின் சூடான தட்டுப் பட்டு ஒரு சிவந்த கோடு. மாக்கஸ் பதறி மருந்தை எடுக்க ஓடினார். அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அடுப்பு அவளுக்கு வைத்த முதல் அடையாளம் அது.

"பூசுவம், பூசுவம்," என்றாள். "கொஞ்சம் பொறுங்கோ."