ஸ்கோப் திருகுகளும் ஒரே ஒரு வெடியும்

நான் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தது வீரத்தால் அல்ல. ஆபீஸில் நாலு பேர் இலக்குச் சுடும் கிளப்புக்குப் போனார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். அட்டையில் வரைந்த வட்டம்தான் என் எதிரி. மற்றபடி, கரப்பான் பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள்.

நண்பர் ஒருவர் மெல்பர்னுக்கு மேற்கே, பொயிண்ட் குக்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தின் கடைசி மாதங்களை ஷெல்லடிக்கு உள்ளேயே இருந்து பார்த்தவர். போன வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் நேரத்தில், நரி வர ஆரம்பித்தது. விடியும்போது வந்து, ஈரம் காயாத குட்டியின் நாக்கை மட்டும் தின்றுவிட்டு உயிரோடு விட்டுப் போகும். மிச்சத்தை முடித்துவைக்கும் வேலை நண்பருடையது.

"அண்ணை, நீங்கள் வந்து சுடுங்கோ. நான் துவக்கைத் தொடமாட்டன்," என்றார். "ஆனா ஒரு வெடிதான். ஒண்டெண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பன். அதுக்கு மேல ஏலாது."

"ஒண்ணே போதும் தலைவரே. ஒரே போடு!" என்று தொடையைத் தட்டினேன்.

அந்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் லேப்டாப், கார், மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. நிஜமாகவே ஆயுதம் என்று ஒன்று இருக்கும்போது அதை மட்டும் விட்டால் சாமி என்ன நினைக்கும்? ரைபிளின் மேலிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்து, மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் இழுத்தேன். பூஜை முடிந்ததும் அரைகுறையாகத் துடைத்து, அதைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்குள் திரும்ப வைத்து, ஆலன் சாவியால் திருகுகளைக் கைக்குத் தோன்றிய அளவு இறுக்கினேன். கிளப்பில் சுட்டுப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. பண்ணைக்குப் போகும் மண் ரோட்டில் அது எங்கே நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

முதல் குண்டு நரியின் பின்னங்காலில் பட்டது. அது போட்ட சத்தத்தை இங்கே எழுத மாட்டேன். இரண்டாவது மண்ணில் போனது. மூன்றாவதில் அடங்கியது.

வீட்டுக்குள் போனால் குசினியில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், நண்பர் தலைமேல் கை வைத்துக் குந்தியிருந்தார்.

"சும்மா... குளிருக்கு இருந்தனான்," என்றார்.

"ஃபிரிட்ஜ் பக்கத்திலயா?" என்று கேட்டுவிட்டேன். என் நாக்கு மூளைக்கு முன்னால் கிளம்பிவிடும். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நிற்க நான்தான் கை கொடுத்தேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் வளையத்தைத் திறந்து, காய்ந்த சந்தனத் தூளை நகத்தால் சுரண்டினார். "என்ன இது?" மண் என்றேன். மோந்து பார்த்து, "வாசனையான மண்," என்றார். தூளில் ஸ்கோப் வளையத்துக்குள் வழுக்கியிருந்தது. போதாததற்கு ஒரு திருகு தளர்வு, எதிர்த் திருகு ஸ்கோப்பின் குழாய் நசுங்கும் அளவு இறுக்கம். கைக்கணக்கை விட்டுவிட்டு, வைத்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் டிரைவர் வாங்கச் சொன்னார்.

அதற்குள் நண்பர் போன் செய்தார். "இன்னொண்டு வந்திட்டுது, அண்ணை."

காரின் வீல் நட் இறுக்கும் ரெஞ்ச் என்னிடம் இருந்தது. அதன் மிகக் குறைந்த அளவே இந்தத் திருகின் தலையைத் திருகி எறிந்துவிடும். கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒரே அளவில் நிற்பது முதலாவது; வளையத்துக்கு ஓர் அளவு, அது உட்காரும் அடித்தாங்கிக்கு வேறு அளவு என்பதால் அது வேண்டாம். இரண்டாவது எண் காட்டிப் பீப் அடிக்கும் டிஜிட்டல். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று எனக்கு இன்னொரு கவலை சேரும். மூன்றாவதில் அளவை நாமே திருப்பி வைக்கலாம், எட்டியதும் 'கிளிக்' என்று விட்டுக்கொடுக்கும். ஒரு மணி நேரம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கிளிக்கையே வாங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் ஸ்கோப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கிளிக் என்றதும் நிறுத்த வேண்டும். நானோ கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை எழுந்து பார்க்கும் ஜாதி. இன்னும் ஒரு கிளிக்குக்குக் கை போனது.

"கேட்டுச்சுல்ல? கையை எடுங்க," என்றாள் மனைவி.

"நிஜமா கேட்டுச்சா?"

"பக்கத்து வீட்டுக்கே கேட்டுச்சு. இப்ப விடலைன்னா நானே உங்களை ஒரு திருகு திருகிடுவேன்."

கிளப்பில் இரண்டு நாள் சுட்டேன். பண்ணை ரோட்டில் ரைபிள் பெட்டிக்கு அடியில் தலையணை வைத்து, நிறைமாதக்காரியை ஏற்றிப் போவதுபோல ஓட்டினேன்.

வெளுக்கும் நேரத்தில் நரி வந்தது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. போய்ப் பார்த்தேன், மூச்சில்லை. எனக்குள் ஒரு பெருமை. ரைபிளைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, வாயில் ஒரு ஜோக்கோடு குசினிக்கு ஓடினேன்.

நண்பர் அடுப்படியில் நின்றிருந்தார். பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

"முடிஞ்சுது தலைவரே. ஒண்ணுதான்."

"ஓம். ஒண்டுதான்." ஜன்னல் பக்கமே பார்த்தார். "ஒண்டோட நிண்டால்தான் பயம், அண்ணை. அடுத்தது எங்க விழும் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருக்கோணும்."

கொண்டுவந்த ஜோக்கை விட்டுவிட்டு, கதிரையை இழுத்து அவரை உட்கார வைத்தேன். பிறகு, அந்த அமைதி அவர் காதுக்குப் போகக்கூடாது என்று வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தேன்: பெட்ரோல் விலை, என் மூலவியாதி, மச்சினன் வாங்கிய பழைய கார், எது வாயில் வந்ததோ அது. அவர் ஓம், ஓம் என்று தலையாட்டினார். வெயில் ஏறி ஆடுகள் தண்ணீருக்குக் கத்தும்வரை நான் நிறுத்தவில்லை. அவரும் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.