ஈறு வைத்த கார்டு வண்டி

மடித்த துண்டின்மேல் சரக்குப் பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, "எங்கே, வாயைத் தெற பாப்போம்" என்கிறார் பல்லக்கா. உள்ளங்கை நீளம்கூட இல்லாத பொம்மை ரயில் பெட்டி அது. அடிச்சட்டத்தைக் கட்டைவிரலால் லேசாக அகட்டி, பிளாஸ்டிக் சக்கரத்தை அச்சோடு நெம்பி எடுக்கிறார். அதே குழியில் உலோகச் சக்கரம் போய் உட்காருகிறது. சுண்டிவிட்டால் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

பிழைப்பு, பொய்ப்பல் செய்வது. பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்கப் பட்டறையில் மெழுகும் மாவுமாகப் பகல் கழியும். எதிரே வருகிறவர் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். "அந்த மேல்வரிசை நம்ம கைவேலை" என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பார். அக்கம்பக்கத்தார் வைத்த பெயரில் அவருக்கு வருத்தம் ஏதுமில்லை.

வீட்டின் பின்னறையை அடைத்துக்கொண்டு கிடக்கும் ரயில்பாதை கணவருடையது. வெளியே பஸ் ஓட்டுகிறவர், வீட்டிலும் ஓட்டுவதோடு சரி. பெட்டி கவிழ்ந்தால் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். "எப்பப் பாரு வளைவுல கவுந்துக்குது. சக்கரத்த மாத்தி, அடியில கொஞ்சம் கனம் வெச்சா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று கேட்டுத்தான் பல்லக்கா இதில் இறங்கினார். சக்கரம்வரை டிரைவருக்கு ஆட்சேபமில்லை. கொக்கியில்தான் வந்தது வினை.

பெட்டிகளைக் கோக்கிற பழைய கொக்கி, தூண்டில் முள்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். புதியது மடக்கிய விரல்போல அடக்கமானது. அதைப் பொருத்தினால் பெட்டிகள் நெருங்கி நின்று நிஜ ரயிலாகவே தோன்றும். ஆனால் பழையதும் புதியதும் ஒன்றையொன்று பிடிக்காது. "என் வண்டி என் கொக்கியோடதான் ஓடும்" என்றார் டிரைவர். "பாதிய மாத்தியாச்சு, மீதிய என்ன செய்ய?" என்றார் பல்லக்கா. ரயில் இரண்டாகப் பிரிந்து நின்றது.

தனக்கு விடுமுறையான ஒரு நாள், டிரைவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பல்லக்கா கார்டு வண்டியைக் கையில் எடுத்தார். ரயிலின் வாலில், கார்டு உட்காரும் குட்டிப் பெட்டி. பள்ளிக்கூட நாளில் டிரைவருக்கு அவருடைய அண்ணன் கொடுத்தது. அண்ணன் இப்போது இல்லை. கொக்கியை நெம்பியதும், அதைத் தாங்கும் அடிச்சட்டம் காய்ந்த சுள்ளியாக முறிந்து, கொக்கியோடு கையில் வந்துவிட்டது.

பல்லக்கா மறைக்கவில்லை. கணவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "உங்க அண்ணன் வண்டிய ஒடச்சுட்டேன்."

அவர் உடைந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "சரி, வை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு 'சாப்பாடு', 'சாவி', 'கதவு' என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. பின்னறைப் பக்கம் டிரைவர் தலைவைத்துப் படுக்கவில்லை. "கத்தினாக்கூட பரவால்லடி. இது சொத்தப்பல்லாட்டம் உள்ளயே குடையுது" என்று பட்டறைத் தோழியிடம் புலம்பினார் பல்லக்கா.

அவ்வளவு பழைய பெட்டிக்குக் கடையில் உதிரி பாகம் கிடைக்காது. பசை போட்டால் இழுவை தாங்காது. கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பொய்ப்பல்லின் ஈறுக்கு ஊற்றும் கலவையைக் குழைத்து, பெயர்ந்த இடத்தில் வார்த்து, இறுகியதும் தேய்த்து வழவழப்பாக்கினார். புதுக் கொக்கியைப் பதிக்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கை புதுக் கொக்கிகள் கிடந்த டப்பாவரை போகவும் செய்தது. போன கையைத் திருப்பிக்கொண்டு, பழைய கொக்கியையே பதித்தார்.

பிறகு வேறொரு சரக்குப் பெட்டிக்கு ஒரு முனையில் புதுக் கொக்கி, மறுமுனையில் பழையது என்று பொருத்தினார். முன்னால் தான் மாற்றிய பெட்டிகள், பின்னால் கணவரின் பெட்டிகள், நடுவே இந்த இரட்டைக் கொக்கிக்காரன். ரயில் ஒன்றாயிற்று.

சாயங்காலம் பின்னறையில் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டு டிரைவர் வாசலில் வந்து நின்றார். வளைவில் ஒரு பெட்டியும் கவிழவில்லை. ரயில் நின்றதும் கார்டு வண்டியை எடுத்துப் புரட்டினார். அடியில் இளஞ்சிவப்பாக, ஈரம் காயாத வாய்போல மின்னியது.

"வண்டிக்கு ஈறு வெச்சிருக்கே."

"எங்கிட்ட அந்தக் கலர்தான் இருக்கு."

"சிரிச்சா வெளிய தெரியுமா?"

பல்லக்கா விழித்தார். டிரைவரின் மீசை துடிப்பதைக் கண்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணன் பாத்திருந்தா இத ஊருக்கே காட்டியிருப்பான்" என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் பல்லக்கா வேலைக்கு உட்கார்ந்தபோது, டிரைவர் தன் பெட்டிகளில் இரண்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"சக்கரம் மட்டும். கொக்கில கை வெச்சே..."

"வெக்கல, வெக்கல."

சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் பல்லக்கா நினைத்தார். அவர் போகவில்லை. மேசை விளக்கின் கழுத்தைப் பிடித்து, மனைவியின் விரல்கள்மேல் வெளிச்சம் விழும்படி வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.