சோதனைச் சாவடி தாண்டிய அரிசி

எனக்கு அப்போது ஒன்பது வயது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அரிசியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம். பாபநாசத்தில் வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. எங்கே எது விளைய வேண்டும், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டார்கள், இன்னும் இரண்டு ஐந்தாண்டுத் திட்டம் போனால் நாட்டில் பசியே இருக்காது என்பார். ருஷ்யாவில் அப்படித்தான் ஆயிற்றாம். நானும் நம்பினேன்.

திருச்சியில் அத்தைக்குக் குழந்தை பிறந்திருந்தது. கடைகளில் அரிசி இல்லை என்று கடிதம் வந்தது. "திட்டப்படி அங்கயும் வந்துரும்" என்றார் அப்பா. குழந்தையைப் பார்க்க நானும் அப்பாவும் கிளம்பிய காலையில், அம்மா இரண்டு படி அரிசியைத் துணியில் நீளமாகச் சுருட்டி என் இடுப்பில் கட்டி, மேலே பாவாடையை இறுக்கினாள்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத."

பஸ்ஸில் மூச்சு விடவே பயமாக இருந்தது. ஜில்லா எல்லையில் வண்டியை நிறுத்தி, ஓர் அதிகாரியும் போலீஸ்காரரும் ஏறினார்கள். முன்சீட்டுப் பெண்ணின் கூடையில் கீரைக்கு அடியில் அரிசி இருந்தது. "புள்ளைக்குக் கஞ்சி காச்சத்தாங்க, விட்ருங்க" என்று அவள் காலில் விழுந்தாள். இறக்கிவிட்டார்கள். எனக்குப் பாவாடை நனைந்துவிடும் போலிருந்தது.

அடுத்து எங்களிடம் வந்தார்கள். வழிவிடுவதற்காக அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை என் இடுப்பில் பட்டது. விரல்கள் அப்படியே நின்றன. காட்டிக்கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அரசாங்கத்துக்கு அளக்க வேண்டிய லெவி நெல்லைப் பதுக்கினார் என்று சொந்த அண்ணனையே காட்டிக்கொடுத்தவர் அவர்.

"உங்ககிட்ட என்ன சார் இருக்கு?"

"நான் வாத்தியாருங்க. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

பஸ் கிளம்பியது. சாலையோரத்தில் நின்று அழுத அந்தப் பெண்ணை அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். திருச்சியில் இறங்கியதும் அடிப்பார் என்று பயந்துகொண்டே வந்தேன்.

அத்தை வீட்டு மாமா வழக்கம்போலச் சீண்டினார். "வாங்க மச்சான். திட்டமெல்லாம் எப்படிப் போவுது?"

அந்தக் கேள்விக்கு அப்பா ஒரு மணி நேரமாவது பதில் சொல்வார். அன்று என்னைக் காட்டி, "இவ இடுப்புல அரிசி இருக்கு. ஒல வைக்கச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் திட்டத்தைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அடி விழவில்லை என்பதுதான். அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, நிம்மதியாக இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.