ரத்தக்கட்டி கேட்டு ஜெபித்தோம்

மூச்சு தானாக வரும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். போன ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் அந்த நம்பிக்கை போயிற்று. செங்கல்பட்டில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் என்னுடையது. ஒரு வரியை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். தொப்பை என்றார்கள். மறுக்க முடியவில்லை, அது எனக்கு முன்னால் நின்றது.

மாடிப்படியில் வாங்கிய மூச்சு சமதரையிலும் வாங்கியது. கால் வீங்கியது. ஒருநாள் மாமல்லபுரத்தில் சொந்தக்காரர்களுக்குச் சிற்பங்களை விளக்கிக்கொண்டே மயங்கி விழுந்தேன். என் விளக்கத்தைக் கேட்பவர்கள் மயங்குவதுதான் வழக்கம்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன். கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு. எனக்கு அது சரியாகவே இருந்தது. ஏறியிருந்தது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாய்களின் பிரஷர். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலதுபக்கம் பெருத்துவிட்டது. அப்படியே விட்டால் ஒருநாள் ஓய்ந்துவிடும்.

"இதுல பல வகை இருக்கு சார். பழைய ரத்தக்கட்டி குழாய்ல ஒட்டிக்கிட்டிருந்தா ஆபரேஷன்ல எடுக்கப் பார்க்கலாம். மத்த வகைன்னா மாத்திரைதான். வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஸ்கேன்ல பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவே மூச்சு போதவில்லை. என் மனைவி எஸ்தர்தான் பொத்தான்களைக் கழற்றினாள். அன்றுதான் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எஸ்தர் ஜெபக்குறிப்பு கொடுத்தாள்: "அவருக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்கான்னு பார்க்கிறாங்க." அது போதாதா? படாளத்திலிருந்து வருகிற சலோமி அக்கா முழங்காலிட்டார். அக்கா கேட்டு ஆண்டவர் மறுத்ததாக எங்கள் தெருவில் தகவல் இல்லை.

"அப்பா! அந்தக் கட்டி இருக்கவே கூடாது! கரைஞ்சு காணாமப் போவணும்!"

எல்லோரும் "ஆமென்!" என்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, நிறுத்துங்க!"

அக்காவின் ஜெபத்தை அதுவரை யாரும் நிறுத்தியதில்லை. ஒரு கண் மட்டும் திறந்தது. "இன்னா தம்பி?"

"கட்டி வேணும்க்கா."

"வேணுமா? மூளைக்குக் காத்து போவலியா உனுக்கு?"

மூச்சு வாங்க வாங்க விளக்கினேன். வாய்க்காலில் அடைப்பு என்றால் வாரி எடுத்துவிடலாம், வாய்க்காலே சுருங்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்றேன். அக்கா மறுபடி கண்ணை மூடினார்.

"அப்பா, முன்ன சொன்னத வுட்டுடுப்பா. கட்டி இருக்கட்டும். டாக்டரு கை எட்டுற எடத்துல இருக்கட்டும். இவன் வாய் ஓயாம பேசிகினு இருக்கறவன், இவன் மூச்ச நிறுத்திடாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவ்வளவு சத்தமாக ஆமென் சொன்னது அன்றுதான்.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் கட்டி. டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் எஸ்தர் "ஸ்தோத்திரம்!" என்று எழுந்து நின்றுவிட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆபரேஷனில் உடம்பைக் குளிர்வித்து, இதயத்தை நிறுத்தி, குழாய்களிலிருந்து கட்டிகளை உரித்து எடுத்தார்கள். என் போனிலிருந்த படத்தில் அவை வெட்டிவேர்க் கொத்துபோல் கிடந்தன. சலோமி அக்கா உற்றுப் பார்த்தார்.

"ஏம்பா, கொஞ்சமாத்தான கேட்டோம்? அள்ளிக் குடுத்துகிறாரே!"

'கட்டி நீங்கள் ஜெபிக்குமுன்பே அங்கேதானே இருந்தது' என்று என் மைத்துனர் கேட்டார். இருந்தது. எனக்குத் தேவையானதை எனக்கே தெரியாமல் வைத்திருந்தவருக்கு எப்படி நன்றி சொல்லாமல் இருப்பது?

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு, ஆயுசுக்கும். ஞாயிறு மாலைகளில் திருவிடந்தைக் கடற்கரையில் எஸ்தரோடு நடக்கிறேன். நடந்துகொண்டே பேசுகிறேன். இந்த அற்புதத்தால் கஷ்டப்படுவது அவள் ஒருத்திதான்.

பிரியமானவர்களே, மூச்சு வாங்கினால் தொப்பைமேல் பழி போட்டுவிட்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஆண்டவரிடமும் போங்கள். தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். நாங்கள் பாதியில் மாற்றிக் கேட்டோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குக் கட்டி இல்லாத வகை. மாத்திரையோடு இருக்கிறார், வேலைக்கும் போகிறார். அவருக்காகவும் செவ்வாய்தோறும் ஜெபிக்கிறோம், நீங்களும் வாருங்கள். இப்போதெல்லாம் சலோமி அக்கா முழங்காலிடுமுன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்:

"மொதல்ல சொல்லிடு தம்பி. இருக்கணுமா, இருக்கக் கூடாதா?"