பேய் சொன்ன "போட்டு வாறன்"

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள், ரோவில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே ஒரு பேய்ப்படம் எடுத்தாள். வார நாளில் வெயர்ஹவுஸில் வேலை, சனி ஞாயிறில் படம். பேயாக நடித்ததும் அவளே. பக்கத்து ஊரான டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டினார்கள். சனம் பயந்தால்தான் அடுத்த படம், இல்லாவிட்டால் கமராவை மூடி வைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். நான் பின்வரிசையில் ஓரக் கதிரையில் இருந்தேன்.

முற்பாதி நல்ல படம். பேயைக் காட்டவே இல்லை. ஆளில்லாத குசினியில் தண்ணீர்ப் பைப் தானாகத் திறக்கிறது. கதிரை ஒன்று மெல்ல நகர்கிறது. தினமும் நான் புட்டு அவிக்கும் குசினிதான், ஆனாலும் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

பேய் முகத்தைக் காட்டியதும் கெட்டது. இரத்தம் தக்காளி சோஸ் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரிந்தது. செத்து எத்தனையோ காலமான பேயின் சேலையில் அயன் மடிப்புக் கலையவில்லை. கடைசியில் சுவாமியார் தீர்த்தம் தெளிக்க, பேய் ஒரேயடியாகப் போக வேண்டும். "நான் போறன்" என்பதுதான் வசனம். பேயோ வாசலில் நின்று, பணிவாக, "போட்டு வாறன்" என்றது.

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போறன் என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் பழக்கிய வாய். எடுத்தபோதும் வெட்டி ஒட்டியபோதும் ஒருவர் காதுக்கும் அது பிழையாகப் படவில்லை. முன்வரிசை அன்ரி ஒருவர், "ஓம் பிள்ளை, கவனமாப் போட்டு வா" என்றார். பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை.

திரும்பும்போது மகள்தான் காரை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. பயமாயிருந்ததோ?"

அபிப்பிராயம் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். "குசினியில பயந்தனான். முகத்தைக் கண்ட பிறகு, நீ சாப்பிட்டியோ எண்டுதான் யோசிச்சனான்" என்றேன். பிறகு துணிந்து, "வாறன் எண்டு சொன்ன பேய் வராமல் விடுமே?" என்று கேட்டேன்.

பச்சை விழுந்தும் அவள் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறாள். அதில் பேயின் முகமே வராதாம்.

பைப் முதலில் திறந்ததா, கதிரை முதலில் நகர்ந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. படம் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மகளிடம் கேட்டால் திரும்பப் போட்டுக் காட்டுவாள்தான். அந்த இடத்தை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் துணிவில்லை.