அலுமாரிக்குள் அப்பா

ஜெர்மன் பேசும் ஊரான பூம்ப்ளிஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் அழைப்புமணி வேலை செய்யாது. அதைத் திருத்தித் தரும்படி கேட்க அப்பாவுக்கு விருப்பமில்லை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வந்திருக்கவில்லை. முடிவு வராதவர்கள் மணிக்கெல்லாம் முறைப்பாடு செய்யக்கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்களைத் தேடி வருகிறவர்களும் குறைவு. வந்த ஓரிருவரும் கதவை மெல்லத் தட்டி, "அண்ணை, நான்தான்" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு இரண்டு. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவர் முதலில் வந்தார், நாங்கள் பின்னால் வந்தோம். தம்பி அப்பாவை முதன்முதலாகக் கண்டதே விமான நிலையத்தில்தான். கண்ட நாளிலிருந்து அவரை ஒரு நிமிடம் விடமாட்டான். நான் கிண்டர்கார்டனுக்குப் போய்வந்ததால் வீட்டில் ஜெர்மன் அதிகம் விளங்கியது எனக்குத்தான்.

டிசம்பர் பிறந்ததும் ஆசிரியை சமிக்லவுஸ் பற்றிச் சொன்னார். சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகக் காட்டிலிருந்து வருவாராம். நல்ல பிள்ளைகளுக்குக் கடலையும் மாண்டரின் தோடம்பழமும் கொடுப்பாராம். பொய் சொன்னால் அவருக்கு உடனே தெரிந்துவிடுமாம். கூட வரும், முகத்தில் கரி பூசிய ஷ்முட்ஸ்லி கெட்டவர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்பதை ஆசிரியை சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பையன் சொன்னான். வீட்டில் போய் இதைச் சொன்னபோது அம்மாவின் காதில் சாமி என்று மட்டும் விழுந்தது. "நல்லது, வடிவாக் கும்பிட்டிட்டு வா" என்றார்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை அப்பாவுக்கு வேலை இல்லை. இருட்டியபின் எல்லோருமாக இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். படிகளில் கனத்த சப்பாத்துகளின் சத்தம் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றது. பிறகு தடியால் கதவை இடிக்கும் சத்தம். ஓர் ஆண் குரல் ஜெர்மனில் உரக்க ஏதோ சொன்னது.

அப்பா எழுந்து படுக்கையறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டார். அம்மா அவருடைய புட்டுக் கோப்பையைத் தூக்கிக் குசினித் தொட்டிக்குள் வைத்து ஒரு சட்டியால் மூடினார். இருவரும் முன்பே செய்து பழகியவர்கள் போலிருந்தது.

"ஆர் கேட்டாலும் அப்பா வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லு. விளங்கிச்சுதோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அம்மா கதவைத் திறந்தார். வாசலில் நின்றது சமிக்லவுஸ். பின்னால் சாக்கோடு ஷ்முட்ஸ்லி. கீழ்வீட்டுப் பெண்மணி தன் பேரப்பிள்ளைகளுக்காக அழைத்தவரை, மேலேயும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எங்களிடமும் அனுப்பியிருந்தார். இதைச் சமிக்லவுஸ் வாசலிலேயே சொன்னார். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை; வந்தது பொலிஸ் என்றே நினைத்தார். எல்லாமே வேறு மாதிரியான ஒரு நாட்டில் பொலிஸ் எப்படி உடுத்தும் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று பிற்காலத்தில் கேட்டார். அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கும் அன்றிரவு வாய் வரவில்லை. சொல்லப்போகும் பொய்யையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

நான் பயந்தபடியே சமிக்லவுஸ் கேட்டார்: "அப்பா எங்கே?"

"வேலைக்கு."

அவர் தலையாட்டினார். கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் தம்பி அம்மாவின் கையிலிருந்து நழுவி, படுக்கையறைக்கு ஓடி, அலுமாரிக் கதவில் இரண்டு கைகளாலும் தட்டத் தொடங்கினான். "அப்பா! கண்டிட்டன்! வாங்கோ!"

சமிக்லவுஸ் சிரித்தார். ஏதோ ஒளித்துப் பிடித்து விளையாட்டென்று எண்ணியிருக்க வேண்டும். பின்னாலேயே போய் அலுமாரியைத் திறந்தார். குளிர்ச் சட்டைகளின் நடுவே அப்பா சாரத்தோடு நின்றார். கறி படிந்த வலது கையை உடுப்புகளில் முட்டாமல் உயர்த்திப் பிடித்திருந்தார்.

நான் ஷ்முட்ஸ்லியிடம் ஓடினேன். கரி பூசிய அந்த முகம் எங்களைவிடக் கறுப்பாயிருந்ததால் அவர் எங்கள் ஊர் ஆள் என்றே நம்பினேன். சாக்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பாவைக் கொண்டு போகாதேங்கோ, அவர் ஒண்டும் செய்யேல்லை" என்று தமிழில் அழுதேன். மாமாவோ என்ன செய்வதென்று தெரியாமல் சமிக்லவுஸைப் பார்த்தார்.

சமிக்லவுஸ் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. தாடியைக் கொஞ்சம் கீழே இழுத்தார்; உள்ளே ஓர் இளைஞனின் முகம் இருந்தது. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். அப்பாவும் அதே சொல்லை அவருக்குத் திருப்பிச் சொன்னார். பிறகு வந்தவர்கள் கடலையையும் மாண்டரினையும் மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்துச் சத்தம் கேட்காதபடி மெல்ல இறங்கிப் போனார்கள்.

"ஆர் பிள்ளை இவை?" என்று அம்மா கேட்டார்.

"சின்னப் பிள்ளையளுக்குக் கடலை குடுக்கிற ஆக்கள்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அம்மாவின் சிரிப்பு முடியவே இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். மிச்சப் புட்டைச் சாப்பிடவில்லை. தம்பிக்கு ஒரு மாண்டரினை உரிக்கத் தொடங்கினார். அதை உரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

மறுநாள் கிண்டர்கார்டனில் வட்டமாக இருந்தோம். சமிக்லவுஸ் என்ன கொண்டுவந்தார் என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டார். எனக்கு மற்றவர்களைவிடப் பெரிய செய்தி இருந்தது.

"அவர் அலுமாரியைத் திறந்து அப்பாவைக் கண்டுபிடித்தார். சாக்கும் இருந்தது. ஆனால் அப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்றேன்.

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஷ்முட்ஸ்லியைப் பற்றி அவ்வளவாகத் தெரியாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.