கன்னிமார் உட்கார்ந்த மேடு

விளக்கு பூஜைக்கு வருகிற என் சகோதரிகளே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. நினைத்தால் இன்றும் வருவது பயம் இல்லை, ஆத்திரம்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. என் கொழுந்தன் பிரபு கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மலையில் டெண்ட் போட்டுத் தங்குகிற வீடியோவாகப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பித்துப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரரையும் கிளப்பிவிட்டான். "பாப்பாவும் வரட்டும் அண்ணி, ஜாலியா இருக்கும்" என்றான். பாப்பா என்றால் என் மகள் யாழினி, இரண்டாம் வகுப்பு. கோயில் கோயிலாக ஏறி இறங்கி நான் பெற்ற பிள்ளை. அவளை அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார முடியுமா? நானும் பையைக் கட்டினேன்.

வெள்ளிமலை வரை பஸ். அப்புறம் முதுகில் சுமையோடு நடை. ஓடையோரத்து நிலத்துக்காரரிடம் பிரபு போனிலேயே கேட்டு வைத்திருந்தான். பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். ஓடைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மணல் திட்டு. பக்கத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பிரபு பையைத் தொப்பென்று போட்டான்.

"இதான் அண்ணி இடம். வீடியோவுல இதே மாதிரி மணல்லதான் போட்டுகினு இருந்தாங்க. போட்டோ சும்மா அள்ளும்."

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. "வேணாம், மேல போயிடலாம்" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

இன்னாத்துக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மணல் மெத்தென்று இருக்கிறது, தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. மேட்டிலோ கல்லும் முள்ளும். காரணம் இல்லாமல் பேசுகிற பொம்பளையை யார் மதிப்பார்கள்? அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டெண்ட் எழும்பியது. நடந்த களைப்பில் யாழினி அதற்குள் போய்ப் படுத்துத் தூங்கியும் விட்டாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று கரைமேட்டில் ஏறினேன். மேலே ஒரு புங்கமரத்தடியில் ஏழு கற்கள், மஞ்சள் பூசி, பொட்டு வைத்து. கன்னிமார். கும்பிடத் தோன்றவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"ஏழு பேரும் உக்காந்துகினு வேடிக்கை பாக்கறீங்களா? எம் பொண்ணு கீழ தூங்கிகினு இருக்கா. எம் மனசு ஒத்துக்கல. ஏன்னு கேட்டா எனுக்குச் சொல்லத் தெரியல. எனுக்கு ஒரு காரணம் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்!"

திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். கரைச் சரிவில் நொச்சிப் புதர்கள். அவற்றின் கிளைகளில் காய்ந்த புல்லும் கிழிந்த சாக்கும் பிளாஸ்டிக் கவரும் சிக்கித் தொங்கின. எல்லாம் ஒரே மட்டத்தில். யாரோ கோடு போட்டது போல. அந்தக் கோடு டெண்டின் உச்சிக்கும் மேலே ஓடியது. தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது! திரும்பிக் கன்னிமாரைப் பார்த்தேன். ஆடிக்கு ஏற்றிய அகல்களும் உடைந்த வளையல்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடினேன். சொன்னேன். புதரைக் காட்டினேன். கேட்டார்களா? "அது போன வருஷத்துக் குப்பை அண்ணி. மழையே இல்லாம தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்றான் பிரபு.

தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பையைத் தூக்கினேன். மேட்டில் ஏறிக் கன்னிமார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டி, மானத்த வாங்கற?" என்று கத்தினார் வீட்டுக்காரர். கத்தட்டும். வெயில் சாயும்போது பசி தாங்காமல் இருவரும் முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தார்கள். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஜல்லி லாரி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. மேல்மலையில் எங்கோ பெய்த மழை. செம்மண் நிறத்தில் மரக்கட்டையோடு வந்தது வெள்ளம். டெண்ட் இருந்த இடம் தெரியவில்லை. மணல் திட்டே தெரியவில்லை.

பிரபு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு பிரபு எல்லோரிடமும் சொன்னது என்ன தெரியுமா? "நல்ல டைமிங்குல மேல ஏறிட்டோம்." டைமிங்காம்! நம் கூட்டத்திலும் சிலர், "எல்லாம் அம்மன் செயல், இன்னும் ஏன் கோவம்?" என்றீர்கள். அம்மன் செயல்தான். நான் மறுக்கவில்லை. என்னை மேட்டை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தது அந்தக் கோபம். அதைக் கொடுத்தவர்களும் அந்தக் கன்னிமாரே. ஏழு பேருக்கும் என் உயிர் உள்ளவரை நன்றி சொல்வேன். ஆனால் அந்தச் சிரிப்பை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

முன்பெல்லாம் வீட்டில் யாராவது "ஏன்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை. மாசியில் வளையலும் மஞ்சளும் வாங்கிக்கொண்டு அதே மேட்டுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். புது டெண்டைச் சுமந்துகொண்டு வந்த பிரபு, ஓடை காய்ந்து கிடந்தும் மணலில் கால் வைக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க அண்ணி, எங்க போடட்டும்?" என்றான். வளையல்களை நிதானமாக அடுக்கினேன். சுமையோடு கொஞ்சம் நிற்கட்டும்.

சகோதரிகளே, உங்களுக்கும் மனசு ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று வரும். யாராவது சிரிப்பார்கள். சாமியிடம் போங்கள். கும்பிட வராவிட்டால் திட்டுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பாருங்கள். பார்த்த பிறகு யார் கத்தினாலும் கீழே இறங்காதீர்கள்.